உத்தேசம் என்று ஒரு குறி

என் தம்பியைச் சிறைக்கு அனுப்பிய கேள்விக்குப் பதில் வர ஒரு இமைப்பொழுதுகூட ஆகவில்லை. அவ்வளவு வேகம். அந்த வேகத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒன்று சற்குணம், இன்னொன்று நான். மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள், பேப்பரில்கூடப் படம் வந்தது. அந்தச் சால்வை இப்போது வீட்டில் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. கண்ணில் பட்டால் அடுப்பு மேடை துடைக்க எடுத்துக்கொள்வேன்.

இடமறி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பல பேருக்குத் தெரியாது. ஊரில் உள்ள போன்கள் எல்லாம் தாங்கள் இருக்கும் இடத்தை எங்கள் கணினிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். "இந்த இடத்துக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று ஆட்டோ தேடுகிறவர் கேட்பார், ஆம்புலன்ஸ் கேட்கும், போலீஸ் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் முழு ஊரையும் துழாவினால் விடிந்துவிடும். அதனால் ஊரைக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் இன்னும் சின்னக் கட்டங்களாக வெட்டி வைத்தேன். பெருங்காய டப்பாவைத் தேட யாரும் கட்டிலுக்கு அடியில் குனிவதில்லை. சமையலறை, அதில் மேல்தட்டு, அதில் இடது மூலை. என் வித்தை அவ்வளவுதான்.

தேடுவது வேகமாகிவிட்டது. எழுதுவதுதான் மாட்டிக்கொண்டது. கோடிக்கணக்கான போன்கள் நொடிக்கு நொடி "நான் இங்கே, நான் இங்கே" என்று கத்தினால் எந்தக் கணினி தாங்கும்? மழைக்காலத்தில் ஒருநாள் இடமறி மொத்தமாகப் படுத்துவிட்டது. ஆம்புலன்ஸ்கள் எங்கே போவதென்று தெரியாமல் நின்றன. அதற்கு மறுநாள்தான் சற்குணம் அந்த யோசனையோடு வந்தான்.

"பால் வண்டிக்காரர் காலைல ஆறு மணிக்கு எந்தத் தெருவுல இருப்பார்னு உனக்குத் தெரியாதா வசு? அவரைப் போய் எதுக்கு தினமும் கேட்கணும்? தெரிஞ்சதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்கோம், அதான் மூச்சு முட்டுது."

"அவர் ஒருநாள் லீவு போட்டா?"

"போட்டா போடட்டுமே. நூத்துக்கு ஒருநாள். மத்த நாளெல்லாம் நம்ம சொல்றது சரியாத்தான் இருக்கும்."

இருந்தது. தினமும் ஒரே பாதையில் போய் வருகிறவர்களின் போனை எப்போதாவது ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு, மற்ற நேரமெல்லாம் அவர்கள் வழக்கத்தை வைத்து நாங்களே இடத்தை நிரப்பிக்கொண்டோம். இடமறி பறந்தது. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நிரப்பின பதில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'உத்தேசம்' என்று ஒரு குறி இருக்க வேண்டும், இல்லையென்றால் என் கையெழுத்து கிடையாது.

"சரிங்க மகாராணி" என்றான் சற்குணம். குறியை அவனே என் கண் முன்னால் சேர்த்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தோன்றிய பக்கமெல்லாம் கார் எடுத்துக்கொண்டு சுற்றுகிறவர்களின் இடம் துல்லியமாகப் பதிவானது, ஏனென்றால் அவர்களை ஊகிக்க முடியாது. ஒழுங்காக ஒரே வேலை, ஒரே வழி என்று இருக்கிறவர்கள் எல்லாம் உத்தேசம் ஆனார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், வாட்ச்மேன்கள், குப்பை வண்டி ஓட்டுகிறவர்கள். அப்புறம் என் தம்பி தணிகாசலம். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், நாள் முழுக்க எல்லையம்மன் கோயில் முனை வழியாகவே போய் வருகிறவன்.

எல்லையம்மன் கோயில் முனையில் ஒரு முற்பகல் லாரி ஒன்று பவுனம்மாள் என்கிற இட்லிக் கடைக்கார அம்மாவை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று. அந்த அம்மா அங்கேயே இறந்துவிட்டார். பார்த்தவர்கள் லாரி என்றார்களே தவிர, நம்பரைச் சொல்ல யாராலும் முடியவில்லை. முனையில் கேமரா இருந்தது. இடமறி வந்தபிறகு கேமராவை யார் துடைக்கிறார்கள்? அதில் குருவி கூடு கட்டியிருந்தது. போலீஸ் இடமறியைக் கேட்டது: அந்த நேரத்தில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் யார்? ஒரே ஒரு பெயர் வந்தது.

நான் ஸ்டேஷனுக்கு ஓடியபோது தணிகா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்து கிடந்தது.

"அக்கா, எனக்கு அன்னிக்கு காய்ச்சல்க்கா. முனைப் பக்கமே போகலை. ஏரிக்கரை ரோட்டுல வண்டியை ஓரங்கட்டிட்டு கேபின்லயே படுத்துட்டேன். சாயந்திரம்தான் எழுந்தேன்."

"யாராவது பார்த்தாங்களாடா?"

"அந்த ரோட்டுல ஆள் ஏதுக்கா? சொல்றேன்ல, ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

இன்ஸ்பெக்டர் அன்பழகன் கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். திரையைத் திருப்பிக் காட்டினார். "நாங்களா சொல்லலைம்மா. இடமறி சொல்லுது. நீங்க செஞ்சதுதானே அது?"

"உத்தேசம்னு பக்கத்துல போட்டிருக்கும் பாருங்க."

"அப்படி எதுவும் இல்லையேம்மா."

குனிந்து பார்த்தேன். இல்லை. பெயர், நேரம், இடம். அவ்வளவுதான். பச்சையாக, துல்லியமாக, ஒரு சந்தேகமும் இல்லாமல்.

நேரே ஆபீஸுக்குப் போனேன். சற்குணத்தின் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை. அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தணிகாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான், தன்னுடைய பழைய காரில், காலியாகக் கிடந்த பொருட்காட்சித் திடலில் வைத்து. தணிகா அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் சற்குணத்துக்கு ஒரு தட்டு இல்லாமல் இருக்காது.

"குறியை யார் எடுத்தது?" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "உட்காரு வசு."

"உட்கார வரலை. யார் எடுத்ததுன்னு கேட்டேன்."

"மேலிடத்துல கேட்டாங்க. போலீஸ்காரங்க குழம்பறாங்களாம். உத்தேசம்னா என்ன அர்த்தம், ஆமாவா இல்லையான்னு சண்டை. அந்தக் குறியால பதிலும் கொஞ்சம் கனமாகி மெதுவாச்சு. எடுத்துட்டேன். வேகம் கூடுச்சே, நீயே பாராட்டினியே."

"எதனால கூடுச்சுன்னு சொன்னியா நீ? வாயைத் திறந்தியா?"

"சொல்லியிருக்கணும். தப்புதான்."

அவன் தப்பு என்று ஒத்துக்கொண்டதும் எனக்குக் கோபம் பாதி வடிந்துவிட்டது. என் புத்தி அப்படி. இரண்டு பேரும் அவன் கணினியில் உட்கார்ந்தோம். தணிகா இப்போது எங்கே என்று கேட்டோம். அவன் லாக்கப்பில் இருக்கிறான், போனைப் பறித்து வைத்துவிட்டார்கள். இடமறி கண் சிமிட்டுவதற்குள் பதில் சொன்னது: எல்லையம்மன் கோயில் முனை, தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. "பாருடா, லாக்கப்புல இருக்கறவன் லாரி ஓட்டிட்டிருக்கான்! நிஜமா இடிச்சவனை அன்னிக்கு இது வேற எங்கயோ காட்டியிருக்கும்."

சற்குணம் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்தேன். அவனும் மனுஷன்தானே என்று இரக்கப்பட்டேன், பைத்தியக்காரி.

"ஜாமீன் மனு வருதில்ல, அன்னிக்கு ஜட்ஜ் முன்னாடியே இதைக் கேட்கச் சொல்றேன்" என்றேன். "கூண்டுல நிக்கறவனை இடமறி முனையில நிக்கறான்னு சொல்லட்டும். அதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா?"

"நல்ல யோசனை."

"கம்பெனி சார்பா உன்னைத்தான் விளக்கம் சொல்லக் கூப்பிடுவாங்க. வருவேல்ல?"

"என்ன கேள்வி இது? அவன் எனக்கும் தம்பிதானே வசு. வர்றேன். உள்ளதைச் சொல்றேன்." என் தோளைத் தட்டினான். "நீ போய் முதல்ல சாப்பிடு. முகத்தைப் பார்க்கவே சகிக்கலை."

வக்கீல் ரெஜினா மேடம் கெட்டிக்காரி. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் திரையைப் படம் எடுத்தீங்களா?"

"எங்க கணினியில படம் எடுத்து வெளிய கொண்டுபோனா எங்களையே உள்ள தள்ளிடுவாங்க மேடம். எதுக்குப் படம்? கோர்ட்டுல நேராவே கேட்டுடலாம். சற்குணம் வர்றான்."

"அவ்வளவு நம்பிக்கையா?"

"என்னை நம்பறதை விட அவனை நம்பறேன்."

ரெஜினா மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணை அன்று கோர்ட்டு நிரம்பி வழிந்தது. பவுனம்மாளின் மகள் முன்வரிசையில் உட்கார்ந்து தணிகாவை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவைக் கொன்றவன் இவன்தான் என்று ஊரே சொல்கிறது, அவள் வேறு என்ன செய்வாள்? தணிகா இளைத்துப்போயிருந்தான். சற்குணம் உள்ளே வந்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அண்ணே" என்று அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

சற்குணம் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். சத்தியம் செய்தான். நீதிபதி வயதானவர், சன்னமான குரல். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஒருத்தர் எங்க இருக்கார்னு இடமறிக்கு எப்படித் தெரியும்?"

"போன் சொல்லும் ஐயா. போன் இருக்கற இடம்தான் ஆள் இருக்கற இடம்."

"போன் சொல்லலைன்னா?"

"தெரியவில்லைன்னு பதில் வரும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரெஜினா மேடம் எழுந்தார். "வழக்கத்தை வெச்சு இடமறி தானா நிரப்பிக்கறது உண்டுன்னு இந்த மென்பொருளை எழுதினவங்களே சொல்றாங்களே?"

சற்குணம் என் பக்கம் திரும்பினான். கொஞ்சம்கூடக் கலங்காத முகம். என் வீட்டு மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற அதே முகம்.

"அப்படி ஒரு சோதனை முன்னாடி நடந்தது ஐயா. கைவிட்டாச்சு. வசுமதி மேடம் அதைச் சொல்றாங்கன்னு நினைக்கறேன். அவங்க இப்ப இருக்கற மனநிலையில அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. இடமறி உத்தேசமா எதையும் சொல்றதில்லை."

மேடமாம். பதினைந்து வருஷமாக வசு, இன்றைக்கு மேடம். என் காதுக்குள் ஏதோ இரைந்தது. அடப்பாவி, அடப்பாவி என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ரெஜினா மேடம் தளரவில்லை. "ஐயா, ஒரே ஒரு கேள்வி. இதோ கூண்டுல நிக்கற தணிகாசலம் இப்ப எங்க இருக்கார்னு இடமறியைக் கேட்க அனுமதி வேணும்."

எனக்கு உயிர் வந்தது. சற்குணம் என்ன புளுகினாலும் கணினி புளுகாது. நீதிபதி தலையசைத்தார். கோர்ட்டுக் குமாஸ்தா அங்கிருந்த கணினியில் பெயரைத் தட்டினார். பெரிய திரையில் எல்லோரும் பார்க்கப் பதில் வந்தது.

தணிகாசலம். நீதிமன்ற வளாகம், இரண்டாம் தளம், ஆறாம் எண் அறை.

அறையில் ஒரு சலசலப்பு. "சரியாத்தானே சொல்லுது" என்று யாரோ சொன்னார்கள். பவுனம்மாளின் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தணிகா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். நான் சொன்னதை எல்லாம் நம்பி, இன்று வெளியே வந்துவிடலாம் என்று காத்திருந்தவன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்ன கேட்கப் போகிறோம் என்று நான்தானே அவனிடம் ஒப்பித்தேன்? போய்ச் சாப்பிடு என்று என்னை அனுப்பிவிட்டு, இந்தப் பதிலை உட்கார்ந்து எழுதிவிட்டான். முதுகில் குத்துவது என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் நீதிபதி, கோப்பை மூடப் போகிற குரலில்.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சுரீர் என்றது. நான் எழுந்து நின்றேன். சாட்சிக்கூண்டில் இல்லாதவர்கள் பேசக்கூடாது என்று தெரியும். தெரிந்தால் என்ன?

"ஐயா, என் தம்பியோட போன் எங்க இருக்கு?"

அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். இன்ஸ்பெக்டர் அன்பழகன் எழுந்தார். "கைது பண்ணின அன்னிக்கே சீல் வெச்சு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியாச்சுங்க ஐயா. இன்னும் திரும்பி வரலை."

"ஆய்வுக்கூடம் எங்க இருக்கு?"

"ஊருக்கு அந்தக் கோடியிலங்க."

சற்குணத்தின் முகம் அப்போதுதான் மாறியது. பெரிதாக ஒன்றுமில்லை, கழுத்து நரம்பு மட்டும் ஒருமுறை துடித்தது. இத்தனை வருஷம் போன் என்றால் ஆள், ஆள் என்றால் போன் என்று எண்ணியே வேலை பார்த்தவன். ஆளை மட்டும் கோர்ட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனை மறந்துவிட்டான். எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் மறந்திருப்பார்கள். நானே அதுவரை மறந்துதான் இருந்தேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "போன் இருக்கற இடம்தான் ஆள் இருக்கற இடம்னு நீங்கதான் சத்தியம் பண்ணிச் சொன்னீங்க. போன் ஊர்க் கோடியில இருக்கு. இவர் இங்க நிக்கறார்னு உங்க இடமறிக்கு யார் சொன்னது?"

சற்குணம் சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டான்.

"சரியான பதில்தான். ஆனா இந்தப் பதில் அதுக்குத் தெரிஞ்சிருக்கவே கூடாது" என்றார் நீதிபதி. "இதை யாரோ கையால எழுதியிருக்காங்க. எழுதினது யார்னு பார்க்க முடியுமா?"

முடியும். கணினிக்குள் நுழைய எங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் உண்டு, சாவி என்போம்; ஒவ்வொரு பதிவுக்கும் கீழே அது யாருடைய சாவியில் எழுதப்பட்டது என்று இருக்கும். அதை நீக்க யாராலும் முடியாது, நான்தான் அப்படிக் கட்டியிருந்தேன். இப்போது தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். குமாஸ்தா தட்டினார்.

எழுதியவர்: வசுமதி.

ஒரு நிமிஷம் என் பெயரே எனக்கு அந்நியமாகத் தெரிந்தது. ரெஜினா மேடம் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

என் அப்பா இறந்தபோது இரண்டு வாரம் லீவில் போனேன். வேலை நின்றுவிடக்கூடாதே என்று என் சாவியை சற்குணத்திடம் கொடுத்துவிட்டுப் போனேன். எங்கள் ஆபீஸில் எல்லோரும் செய்வதுதான். லீவில் போகிறவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்தபின் அதை மாற்ற எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவனிடமிருந்து எதை மறைத்து வைப்பது?

"நீங்க எழுதினீங்களா?" என்றார் நீதிபதி.

"இல்லை ஐயா! அவன்தான். என் சாவி அவன்கிட்ட இருக்கு. நன்றி கெட்ட நாய்!" கோர்ட்டு என்பதையே மறந்து கத்தினேன். "என் வீட்டுச் சோத்தைத் தின்னவன், என் தம்பிக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தவன்..."

"உட்காருங்க" என்று அதட்டினார் நீதிபதி.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். தம்பியைக் காப்பாற்ற அக்காவே பதிவைத் திருத்தியிருக்கிறார், இடமறியின் மேல் பழி போட இது ஒரு நாடகம், தம்பியின் குற்றம் அப்படியே நிற்கிறது என்றார். கேட்கும்போது எனக்கே நியாயமாகப் பட்டது. அதற்காகத்தான் சற்குணம் என் சாவியில் நுழைந்திருக்கிறான். மாட்டாமல் போனால் தணிகா குற்றவாளி. மாட்டினால் நான் குற்றவாளி, தணிகாவும் குற்றவாளி. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டுத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

நான் உட்காரவில்லை. கத்தவும் இல்லை. குரல் தானாகவே தணிந்துவிட்டது.

"ஐயா, நான் இதை எழுதலை. நீங்க நம்ப வேண்டாம், விசாரிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு பாருங்க. நான் செய்யாத ஒண்ணைச் செஞ்சதா அந்தத் திரை சொல்லுது. இல்லைன்னு நிரூபிக்க என்கிட்ட ஒரு சாட்சியும் இல்லை. என் தம்பியும் இத்தனை நாளா இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கான். நான்தான் எழுதினேன்னே வெச்சுக்குங்க. போனே இல்லாத இடத்துல ஆளைக் கொண்டுவந்து நிறுத்த முடியும்னு இப்ப இங்க எல்லாரும் பார்த்தாச்சு. அன்னிக்கு அந்த முனையில இவனைக் கொண்டுபோய் நிறுத்தினது போனா, வேற ஏதாவதான்னு யார் சொல்றது?"

நீதிபதி வெகுநேரம் எழுதினார். தணிகாவுக்கு ஜாமீன், ஊரை விட்டுப் போகக்கூடாது. இடமறியின் பதிலை மட்டும் வைத்து அவனைக் காவலில் வைக்க முடியாது. பதிவு திருத்தப்பட்டதைப் பற்றித் தனி விசாரணை. அதில் முதல் பெயர் வசுமதி.

வராந்தாவில் சற்குணம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அந்தத் தைரியத்தை என்னவென்று சொல்ல?

"வசு, அவன் வெளிய வந்துட்டான்ல. எனக்கும் சந்தோஷம்தான்."

"என் முன்னாடி நிக்காதே."

"கேளு. உத்தேசம்தான்னு நான் ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? இடமறி சொல்லி உள்ள போனவங்க அத்தனை பேரும் நாளைக்கே வெளிய வரணும். அதுல நிஜமா கொன்னவன் இருக்கான், குழந்தையைத் தூக்கினவன் இருக்கான். ஒரு தணிகாவுக்காக அத்தனை பேரையும் அவிழ்த்து விடவா?"

"செய்யாதவன் எத்தனை பேர் இருக்கான், அதைச் சொல்லு."

அவன் எங்கோ பார்த்தான். "தெரியாது. குறியை எடுத்த அப்புறம் எது உத்தேசம், எது நிஜம்னு எனக்கே பிரிச்சுச் சொல்ல முடியாது."

"அதுக்கு என் பேரை ஏன்டா போட்டே?"

"உன் பேர் இருந்தா, தம்பிக்காகப் பண்ணிட்டாள்னு எல்லாரும் நம்புவாங்க. பாவம்னு விட்டுடுவாங்க. என் பேர் இருந்தா ஏன்னு தோண்டுவாங்க." ரொம்பப் பொறுமையாக, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொன்னான். "உனக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது வசு. நான் பார்த்துக்கறேன்."

காறித் துப்பியிருப்பேன். வாய் வறண்டு கிடந்தது.

மறுநாள் காலை ஜெயில் வாசலில் தணிகா வெளியே வந்தான். கையில் ஒரு துணிப்பை. கட்டிக்கொண்டேன், அவன் மரம் மாதிரி நின்றான்.

"வீட்டுக்கு வாடா. குளிச்சு, சாப்பிட்டு..."

"வரலைக்கா."

"ஏன்டா?"

"உள்ள படுத்துக்கிட்டு யோசிச்சேன். குறியை எடுத்தது அண்ணன். சரி. கோர்ட்டுல பொய் சொன்னது அண்ணன். அதுவும் சரி. ஆனா இவனையெல்லாம் கேட்க வேண்டியதில்லை, எப்பவும் போற இடத்துக்குத்தான் போவான்னு முடிவு பண்ணும்போது நீயும்தானேக்கா பக்கத்துல இருந்தே?"

"குறி போடணும்னு சண்டை போட்டேன்டா."

"போட்டே. என் பேருக்குப் பக்கத்துல உத்தேசம்னு எழுதி வைக்கணும்னுதானே சண்டை போட்டே? என்னைக் கேட்கணும்னு போடலையே."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, சொல்லக் கூச்சப்படுகிறவன் மாதிரிச் சொன்னான். அப்புறம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தான். ஏதோ ஒரு வெளியூர் பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டான். எந்த ஊர் பஸ் என்று நான் பலகையைப் பார்க்கவில்லை.

அன்று மதியமே என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அன்பழகன் மரியாதையாகத்தான் பேசினார். என் சாவியைப் பற்றி, லீவைப் பற்றி, யார் யாரிடம் எதைக் கொடுத்தேன் என்பதைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் எதை நம்பினார், எதை நம்பவில்லை என்று அவர் முகத்தில் தெரியவில்லை. கடைசியில் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"தம்பி எங்கம்மா? ஊரை விட்டுப் போகக்கூடாதுன்னு கண்டிஷன் இருக்கு, தெரியுமில்ல? போனா ஜாமீன் ரத்தாயிடும்."

"இருக்கான் சார்" என்றேன்.

"எங்க?"

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் பழக்கத்தில் கணினிப் பக்கம் திரும்பிவிட்டார். கோர்ட்டில் என்னோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த அதே மனுஷர்தான். இரண்டு விரலால் பெயரைத் தட்டினார். கண் சிமிட்டும் நேரத்தில் பதில் வந்தது.

"எல்லையம்மன் கோயில் முனையில போயிட்டிருக்கார்" என்றார் அவர், திருப்தியோடு. "உடனே வேலைக்குப் போயிட்டாரு பாருங்க. நல்ல பையன்தான்."

"ஆமா சார்" என்றேன்.